பாண்டியம்மாளுக்குப் பள்ளி பார்த்த படலம்

ஒரு நர்ஸ் மேற்படிப்புப் படித்தால் நோயாளிகளுக்கு நல்லது என்ற விஷயம், உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், வைகை வடகரை ஸ்தல போர்டாரின் மேலான கவனத்துக்கு வந்தது. போர்டு ஆஸ்பத்திரி நர்ஸ் பாண்டியம்மாளை வெளியூருக்கு அனுப்புவதென்றும், எந்த ஊர்ப் பள்ளிக்கு என்பதை ஆழ்ந்து ஆராய ஓர் உபகுழு அமைப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. எந்தப் பள்ளி வேண்டுமென்று பாண்டியம்மாளையே கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் உபகுழுவுக்கு வேலையில்லாமல் போயிருக்கும்.

அவளோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். வேலூர். பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளி. பாடம் சொல்லிக்கொடுப்பவர்களே வார்டிலும் நின்று வேலை பார்க்கிறார்களாம். ஆடி பிறந்தால் சேர்க்கை முடிந்துவிடும். அதற்குள் ஊர் முடிவாகாவிட்டால் போர்டின் அனுமதியும் காலாவதி. அப்புறம் ஆயுள் முழுக்கக் கம்பவுண்டர் காட்டிய இடத்தில் டிங்சர் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உபகுழுத் தலைவர் ஹாலாஸ்யம் ஐயர், பென்ஷன் வாங்கிய தாசில்தார். அங்கத்தினர்கள், மேற்கே நிலபுலன் உள்ள வெள்ளைத்துரையும் ஆஸ்பத்திரி டாக்டர் ராஜாராமனும். மூவரில் நர்ஸ் பள்ளியைக் கண்ணால் கண்டவர் டாக்டர் ஒருவர்தான். அவர் வாயைத் திறந்ததும் தலைவர் கையமர்த்தினார்.

"டாக்டர்வாள், நீர் பிரம்மசாரி. உமக்கென்ன அனுபவம்? நான் நாலு பெண்ணை வெளியூருக்கு அனுப்பினவன். அதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. புருஷன் வீடானா என்ன, பள்ளிக்கூடமானா என்ன?"

"அதானே!" என்றார் வெள்ளைத்துரை. அவருக்கும் பெண்கள் உண்டு.

ஆகவே சென்னை, பெங்களூர், வேலூர் ஆகிய மூன்று ஊர்ப் பள்ளிகளுக்கும் ஜாதகம் கேட்டுக் கடிதம் போயிற்று. அஸ்திவாரக் கல் நாட்டிய நாளும் நாழிகையும் தெரிவிக்க வேண்டியது. சென்னைப் பள்ளியின் துரைசானி இதைச் சரித்திர ஆர்வம் என்றெண்ணி மகிழ்ந்து, அன்று பாண்டுக்காரர்கள் வாசித்த பாட்டு உட்பட எழுதி அனுப்பினாள்.

பஞ்சாங்கத்தைப் புரட்டிய தலைவர் முகம் சுண்டிற்று. "மூலம். பெண் மூலம் நிர்மூலம்."

"பள்ளிக்கூடம் ஆம்பளையா பொம்பளையா சாமி? நாம பொண்ணு குடுக்கிறோம். அப்ப அது மாப்பிள்ளைல்ல?" என்றார் வெள்ளைத்துரை.

இந்தக் கேள்வி பல அமர்வுகளைச் சாப்பிட்டது. நடத்துவது சர்க்கார் என்பதால் ஆண். படிப்பது பெண்கள் என்பதால் பெண். அது ஒரு கட்டடம் என்று டாக்டர் அபிப்பிராயப்பட்டார், குறிப்பில் ஏற்றவில்லை. கடைசியில் பெண்தான் என்று தீர்ந்தது. பெண் மூலம் மாமனாருக்கு ஆகாது. சர்க்கார் பள்ளிக்கு மாமனார் ஸ்தானம் கவர்னர். கவர்னர் உயிருக்கு உபகுழு ஜவாப்தாரியாக முடியுமா? சென்னை தள்ளுபடி.

பெங்களூரைத் தாம்பூலத் தட்டோடு நேரில் போய்ப் பார்த்தார்கள். காப்பி பேஷ். ஆனால் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, கையில்லாத ரவிக்கையோடு சைக்கிளில் போகிறார்கள்.

"நல்லாப் பாத்தீகளாய்யா?" என்று திரும்பி வந்தவர்களைக் கேட்டாள் பாண்டியம்மாள்.

"ஒரு நாள் பூராம் பாத்தோம் தாயி. சந்தேகத்துக்கு மறுநாளும் போய்ப் பாத்தோம்" என்றார் வெள்ளைத்துரை.

"பள்ளி ஆஸ்பத்திரியில எம்புட்டுப் படுக்கை? சொல்லித் தாரது யாரு?"

"உள்ளே போக நேரமில்லை. அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் தானாத் தெரியும்" என்றார் தலைவர்.

பெங்களூரும் தள்ளுபடி. ஆனால் அங்கே வாங்கிய கம்பளி மஃப்ளரைத் தலைவர் கழற்றவில்லை. மதுரையின் அக்கினி நட்சத்திரத்தில் கழுத்து வேர்க்க அதோடு நடமாடினார். மாதம் முடிவதற்குள் போர்டு குமாஸ்தாக்கள் அத்தனை பேர் கழுத்திலும் மஃப்ளரும் வேர்க்குருவும் ஏறிவிட்டன.

மிச்சம் வேலூர்.

"ரஜ்ஜுப் பொருத்தம் தட்டறது. தவிர, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. இப்பேர்ப்பட்ட ஊருக்கு யாராவது பெண் கொடுப்பாளா?" என்றார் தலைவர்.

"நம்ம வைகையில மட்டும் என்னங்கய்யா ஓடுது?" என்றாள் பாண்டியம்மாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் நடுவில் ஒரு மாட்டுவண்டி புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தது. தலைவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "வைகையில் தண்ணீர் தற்காலிகமாக இல்லை. பாலாற்றில் நிரந்தரமாக இல்லை. வித்தியாசம் உண்டு. தை பிறக்கட்டும், வேறு இடம் பார்ப்போம்."

ஆனி முடிகிற நேரம். பாண்டியம்மாள் ஊசி போடுமுன் நரம்பு தேடுகிற மாதிரி மூன்று முகங்களையும் பார்த்தாள். வெள்ளைத்துரையிடம் நரம்பு அகப்பட்டது.

"அய்யா, நம்ம பக்கம் தாய்மாமன் முறை இருந்தா சாதகம் பாப்பாகளா?"

"எவன் பாப்பான்? முறை இருக்கையில பொருத்தம் பாத்தா, அது குடும்பத்துக்கே அவமானமுல்ல!"

"என் தாய்மாமன் வேலூர்லதான் இருக்காரு. பேரு சங்கிலி. செயில் வார்டரு."

வெள்ளைத்துரை மேசையில் ஓங்கித் தட்டினார். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி! சாமி, தாய்மாமன் இருக்கிற ஊரை விட்டுட்டு வேற ஊருக்கு அனுப்பினோம்னு வையுங்க, நாளைக்கு அந்த மனுசன் வந்து சபையில துண்டை உதறிப் போட்டுக் கேப்பாரு. நான் பதில் சொல்ல மாட்டேன்."

ஸ்தல வழக்கம் எழுதிய சட்டத்துக்கு மேற்பட்டது என்பதைத் தாசில்தார் உத்தியோகத்தில் கற்றவர் ஹாலாஸ்யம். வேலூர் முடிவாயிற்று. பாண்டியம்மாளின் தாய்க்கு உடன்பிறந்தார் ஒருவருமில்லை என்பது டாக்டருக்குத் தெரியும். தம் அபிப்பிராயம் எப்படியும் குறிப்பில் ஏறாது என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

அவள் படித்து முடித்துத் திரும்பியபோது, அது விதியாகவே ஆகியிருந்தது: "மேற்பயிற்சி கோரும் நர்ஸ், பள்ளி அமைந்துள்ள ஊரில் தாய்மாமன் உடையவளாயிருத்தல் வேண்டும்." குழுவுக்கு ஒரு பெண் அங்கத்தினர் என்பதும் அந்த வருஷத்து நாகரிகம். ஆகவே உபகுழுவில் பாண்டியம்மாளுக்கும் நாற்காலி போட்டார்கள்.

முதல் அமர்வில் அன்னக்கொடி என்ற இளம் நர்ஸ் வந்து நின்றாள். வேலூர்தான் வேண்டும் என்றாள். அங்கே எத்தனை படுக்கை, யார் எந்தப் பாடம், எந்த வார்டில் என்ன வேலை எல்லாம் மடமடவென்று சொன்னாள். தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அத்தனையும் சரி.

"அம்புட்டும் சரி தாயி. வேலூர்ல உனக்குத் தாய்மாமன் யாரு?"

"எங்கம்மாவுக்குக் கூடப்பிறந்தவுக யாரும் இல்லக்கா."

பாண்டியம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்த வருசம் ஒரு மாமனைச் சம்பாதிச்சுக்கிட்டு வா."