ஜிப்பு பாயும் இளவரசிகளும்

திண்டுக்கல்லில் யார் யாரோ எதனோடெல்லாமோ சண்டை போட்டிருக்கிறார்கள். இளவரசிகளோடு சண்டை போட்டவர் எனக்குத் தெரிந்து ஜிப்பு பாய் ஒருவர்தான். அதுவும் வருஷா வருஷம், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நாங்கள் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பேக் கடை, வாசலில் தையல் மெஷின். ஸ்கூல் பேக் விற்பதும் அவர்தான், அறுந்த ஜிப்பை மாற்றுவதும் அவர்தான். வேறு வியாபாரிக்கு இது நல்ல ஏற்பாடு. பாய்க்கு மனசாட்சிப் பிரச்சினை.

கார்ட்டூன் இளவரசி போட்ட ரோஸ் பேக்கை யாராவது கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டார். முதலில் விசாரணை. "ஏம்மா, இந்தப் பிள்ள கிரீடம் வச்சிருக்கு, சரி. தண்ணி பாட்டில எங்க வைக்கும்?" என்பார். பக்கத்தில் தொங்கும் நீல பேக்கைக் காட்டுவார். பையன்களுக்கென்று வந்தது, லாரிப் படம். அதில் ஐந்து அறை, பாட்டிலுக்கு வலை, மழைக்கு உறை. ரோஸில் ஒரே அறை, மிச்சமெல்லாம் மினுமினுப்பு. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

"பொம்பளப் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதுன்னு கம்பெனில முடிவு பண்ணிட்டாங்க போல."

இதைச் சிரிக்காமல் சொல்வார். வந்தவர்கள் பக்கத்துக் கடையில் அதே இளவரசியை வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்றே மாதத்தில் ஜிப் பிய்ந்து பாயிடமே வந்து நிற்பார்கள்.

ஒருநாள் சரக்கு போடும் மதுரைக்காரர் மாட்டினார். "இது கேர்ள்ஸ் மாடல் பாய். அழகா இருந்தாப் போதும்" என்றது அவர் செய்த தப்பு. பாய் அவருடைய டிபன் பாக்ஸ், பாட்டில், ஆர்டர் புத்தகம் எல்லாவற்றையும் இளவரசிக்குள் திணித்து முதுகில் மாட்டிவிட்டார். "செத்த நேரம் ஓடிப் பாருங்க அப்பு. பெல் அடிச்சிருச்சுன்னு நெனச்சுக்கங்க."

மனிதர் டீக்கடை வரை ஓடினார். டிபன் பாக்ஸ் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது. "இம்புட்டுத்தான் கேட்டேன்" என்று பாய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

நானும் சிரித்தவள்தான். பக்கத்துக் கடையில் வாங்கியவளும்தான். இரண்டாம் வகுப்பு படித்த என் மகள் கயலின் பேக், பள்ளிக்கூட வாசலில் வாய் பிளந்து தயிர்சாதத்தைக் கொட்டியபோது என் சிரிப்பு நின்றது. வகுப்பே சேர்ந்து கேலி செய்ததாம். இனி பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள். மூன்று நாள் கெஞ்சி, மிரட்டி, தோற்று, நாலாம் நாள் அவளையும் கிழிந்த பேக்கையும் பாயிடம் தூக்கிப் போனேன்.

லாரி பேக்கின் ஐந்து அறையையும் கயல் திறந்து திறந்து மூடினாள். பிறகு கீழே வைத்துவிட்டாள். "இது பசங்க பேக். இன்னும் கேலி பண்ணுவாங்க. எனக்கு என் இளவரசிதான் வேணும்." அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"அந்தம்மாவ இங்க குடு தாயி" என்றார் பாய்.

கத்தரியை எடுத்து இளவரசியைச் சுற்றி வெட்டினார். கயல் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். லாரியில் டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. அங்கே உட்கார வைத்துத் தைத்தார். திருப்தி இல்லை. காக்கித் துணித் துண்டைத் தேடி எடுத்து, கவுனுக்கு மேல் சட்டையாக வைத்துத் தைத்தார்.

"அது எதுக்கு பாய்?"

"யூனிபார்ம் இல்லாம ஓட்டுனா போலீசு நிறுத்துவான். நமக்கு எதுக்கும்மா வம்பு?"

"கிரீடம்?" என்றாள் கயல்.

"இருக்கட்டும் தாயி. வெயிலுக்கு ஆகும்."

மறுநாள் பெல் அடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சாயங்காலம், "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"வண்டி எங்க போகுதுன்னு கேட்டாங்க. ஒட்டன்சத்திரத்துக்கு, தக்காளி ஏத்தன்னு சொல்லிட்டேன்."

அந்த வாரமே பாய் கடை முன்னால் கூட்டம். அந்த வருஷம் மட்டும் பதினோரு இளவரசிகளை அவர் வேலைக்குச் சேர்த்தார்.

கயல் இப்போது ஏழாம் வகுப்பு. என் ஸ்கூட்டர் அந்தக் கடையைக் கடக்கும்போது பின்னாலிருந்து கையை நீட்டி ஹாரன் அடிப்பாள். பாய் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, லாரிக்கு வழிவிடுகிறவர் மாதிரி, போ போ என்று கையை ஆட்டுவார். பள்ளிக்கூட லீவில், கடை தொழுகைக்குப் பூட்டியிருக்கும் வெள்ளிக்கிழமை மதியங்களிலும் அவள் ஹாரன் அடிக்கிறாள். நானும் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.