இடாலினா வீட்டுத் தட்டு

தட்டு மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை அதன்மேல் ஒரு முயல் இருந்தது. தோலுரித்து, பூண்டும் மிளகும் தடவி, அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலையில்.

ஃபெம்கே வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உத்ரெக்ட் நகரத்து அடுக்குமாடி வீட்டில் அவள் ஒரு முயல் வளர்த்திருக்கிறாள். அதற்குப் பிறந்தநாள்கூடக் கொண்டாடியிருக்கிறாள்.

"என்ன வந்திருக்கு?" என்று ஏணிமேல் இருந்தபடியே கேட்டான் அவள் கணவன் யோஸ்ட். கையில் சுண்ணாம்பு மட்டை.

"முயல்."

யோஸ்ட் ஏணியிலிருந்து இறங்கி, கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முயலுக்குப் பதிலாக எதை அனுப்புவது என்ற கேள்வி அவன் முகத்தில் சுண்ணாம்பைவிட வெளுப்பாகப் படிந்திருந்தது.

இந்த இருவரும் நெதர்லாந்தில் காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்கள். ஒருநாள் எல்லாம் போதும் என்று தோன்றிவிட்டது. வீட்டை விற்று, சாமான்களை யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, போர்ச்சுகலில் எங்கள் மலைக்கிராமத்துக்கு வந்து, ஒரு கிழவர் இறந்தபின் ஒரு வருஷமாகப் பூட்டிக்கிடந்த வீட்டை வாங்கினார்கள். விருந்தினர் விடுதி வைத்துக்கொண்டு எளிமையாக வாழ்வது திட்டம். யோஸ்ட் இணையத்தில் விளம்பரமும் போட்டுவிட்டான்: 'இங்கே எதுவும் இல்லை. அதுதான் எங்கள் பெருமை.' ஊரில் அதைப் படித்தவர்கள் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிய முதல் நாளே பின்வாசல் படியில் அந்தத் தட்டு இருந்தது. நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு, ஓரத்தில் சின்ன உடைசல். அதில் குழைந்த சோறும், முழுசாக வெந்த மத்திமீனும். எண்ணெய் இல்லை, பூண்டு இல்லை, ஒரு கல் உப்புகூட இல்லை. ஆறிப்போயிருந்தது. யோஸ்ட் நின்றபடியே தின்றான். தின்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்காகத்தான் ஃபெம்கே நாம வந்தோம். எந்தப் பகட்டும் இல்ல பாரு."

அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரே ஒரு வீடுதான். இடாலினாவின் வீடு. ஆகவே தட்டு அவளுடையது என்பதில் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுத் தரகர் ரமீரோ வந்தார். வெறும் தட்டாகவா கொண்டுபோகிறீர்கள் என்று பதறினார். இந்தப் பக்கத்தில் பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பினால், உன் சங்காத்தமே வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அதோடு இன்னொரு விஷயத்தையும் அவர் அப்போதுதான் சொன்னார். விற்பதற்கு முன்னால் மறந்துவிட்டாராம்.

"உங்க வீட்டுக்கு வண்டி வர்ற பாதை இடாலினாவோட களத்து வழியாத்தான் போகுது. அதுக்குப் பத்திரம் கித்திரம் ஒண்ணும் கிடையாது, எல்லாம் ஒரு முகதாட்சண்யம்தான். அந்தம்மா கேட்டைச் சாத்திட்டா உங்க விருந்தாளிங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு மலையேறித்தான் வரணும்."

அன்று ராத்திரி ஃபெம்கே வெண்ணெய் பிஸ்கட் சுட்டாள்.

இடாலினா திடகாத்திரமான பெண்மணி. டிராக்டரைத் தானே ஓட்டுவாள், கோழியைத் தானே அறுப்பாள். வாசலில் வந்து நின்ற வெளியூர்க்காரியையும் தட்டையும் பிஸ்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்கு அம்மாடி இதெல்லாம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை தட்டு நிறைய முட்டையோடு திரும்பி வந்தது.

ஃபெம்கே ஆப்பிள் கேக் சுட்டு அனுப்பினாள். வீட்டில் புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி வந்தது. ஃபெம்கே தன் நாட்டிலிருந்து பாலாடைக்கட்டி வரவழைத்து அனுப்பினாள். கூடையில் ஒரு சேவலை உட்கார வைத்து, கூடைக்கு மூடியாகத் தட்டைக் கவிழ்த்து அனுப்பினாள் இடாலினா. சேவல் நேரம் காலம் இல்லாமல் கூவியது. விடிகாலையில் மட்டும் கூவவில்லை.

எளிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போயிற்று. பெரிய அடுப்பு ஒன்று வாங்க வேண்டியிருந்தது. வருகிற இறைச்சியை வைக்க இரண்டாவது குளிர்பதனப் பெட்டி வந்தது. விருந்தினர் அறைகள் பாதி வெள்ளையடித்தபடி நிற்க, ஃபெம்கே மாவும் கையுமாக அலைந்தாள். இவர்கள் வந்த நாளிலிருந்து பின்வாசலை விட்டு நகராத ஒரு சாம்பல்நிறப் பூனை மட்டும் மிச்சம் மீதியைத் தின்று பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. அது தன்னையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, அதற்குத் தன்மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டான் யோஸ்ட்.

அவன்தான் முதல் யோசனையைச் சொன்னான். வாயில் வைக்க முடியாத ஒன்றை அனுப்பினால் அந்தம்மா தானாக நிறுத்திக்கொள்வாள் அல்லவா? அவர்கள் நாட்டில் கறுப்பாக ஒரு உப்பு மிட்டாய் உண்டு. அந்த நாட்டுக்காரர்களைத் தவிர உலகத்தில் யாராலும் அதை விழுங்க முடியாது. அதைத் தட்டில் குவித்து அனுப்பினார்கள்.

இடாலினா அதை மருந்து என்று நினைத்துவிட்டாள். வேளைக்கு ஒன்றாகச் சாப்பிட்டதில் அவளுடைய வெகுநாள் மலச்சிக்கல் விட்டுப்போயிற்று. அந்த நன்றியில் வந்ததுதான் முயல்.

"வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க" என்றாள் ஃபெம்கே. முதல் விருந்தினர்கள். ரோட்டர்டாமிலிருந்து ஒரு தம்பதி. அந்த மனிதர் பயணப் பத்திரிகையில் எழுதுகிறவர். நல்லதாக நாலு வரி எழுதினால் விடுதி பிழைக்கும். இல்லாவிட்டால் பழையபடி காப்பீட்டு அலுவலகம்தான். "இனிமே என்னால ஒரு பிஸ்கட்கூடச் சுட முடியாது யோஸ்ட். நிஜமா முடியாது."

"அப்போ தட்டு உடைஞ்சுபோச்சுன்னு சொல்லிடு. தட்டே இல்லைன்னா எதைத் திருப்பி அனுப்ப முடியும்?"

இது இருவருக்கும் பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது. தட்டைத் துணி அலமாரியில், கம்பளிகளுக்கு அடியில் ஒளித்தார்கள். உடைத்ததற்கு ஈடாகச் சந்தையில் ஆறு புதுத் தட்டுகள் வாங்கி, நாடா கட்டி, 'மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதி ஒரு அட்டையும் செருகி, இடாலினா வாசலில் வைத்துவிட்டு வந்தான் யோஸ்ட். வரும்போது சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபெம்கேயின் கைபேசி அடித்தது. ரோட்டர்டாம்காரர். பாதையில் ஒரு கேட் பூட்டியிருக்கிறது என்றார். கேட்டுக்குப் பின்னால் டிராக்டர் நிற்கிறது என்றார். டிராக்டர்மேல் ஒரு அம்மாள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு கேட்டும் பேச மாட்டேன் என்கிறார் என்றார்.

ஆறு தட்டும் வெறும் தட்டு என்பது ஃபெம்கேவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அலமாரியிலிருந்து நீலக்கரைத் தட்டை எடுத்தாள். அடுப்பில் விருந்தினருக்கான சாப்பாடு தயாராக இருந்தது. முதல் நாள் தங்களுக்குக் கிடைத்த அதே சாப்பாடு. உப்பில்லாத மத்தி, குழைந்த சோறு. 'கிராமத்தின் வரவேற்பு உணவு' என்று யோஸ்ட் அதை விளம்பரத்திலேயே போட்டிருந்தான். அதைத் தட்டில் வைத்துக்கொண்டு களத்துக்கு ஓடினாள். யோஸ்ட் பின்னாலேயே ஓடினான்.

இடாலினா டிராக்டரை விட்டு இறங்கவில்லை.

"ஆறு வெறுந்தட்டு அனுப்பியிருக்கே. ஒண்ணுன்னா, சரி, மறந்துட்டா போலன்னு விட்டுருப்பேன். ஆறு. நாடா வேற கட்டி."

"அக்கா, உங்க தட்டு உடையல. இந்தா இருக்கு." ஃபெம்கே அழுதேவிட்டாள். "நான்தான் ஒளிச்சு வெச்சேன். உங்களுக்கு ஈடுகொடுக்க என்னால முடியல. நாங்க எளிமையா இருக்கலாம்னுதான் இங்க வந்தோம், ஆனா உங்க தட்டு எங்கள விட மாட்டேங்குது."

இடாலினா கைகளைப் பிரித்தாள்.

"என் தட்டா? அது உன் தட்டு."

"உங்க தட்டுதான் அக்கா."

"எங்க வீட்டுல நீலக்கரைத் தட்டே கிடையாது. நீதான் பிஸ்கட் வெச்சு இதைக் கொண்டாந்த. வெளியூர்ப் பொண்ணு, அதோட தட்டை எப்படி வெறுமனே அனுப்புறதுன்னு நானும் ஒவ்வொண்ணா அனுப்பினேன். கோழிக்கூட்டைப் போய்ப் பாரு, காலி. அந்த முயல்தான் கடைசி முயல். அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தேன்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இடாலினா தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். இறங்கி வந்து கேட்டைத் திறந்தாள், ஃபெம்கேயின் கண்ணைத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்துவிட்டாள். ஃபெம்கேவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டுபோனது. ஆறு மாதத்தில் முதல்முறையாக இந்த ஊர் தன்னுடையது என்று தோன்றியது.

ரோட்டர்டாம்காரருக்கு நல்ல பசி. ஃபெம்கேயின் கையிலிருந்த தட்டைப் பார்த்து இதுதானே அந்த வரவேற்பு உணவு என்று கேட்டு, அங்கேயே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார்.

"அற்புதம். ஒளிவுமறைவு இல்லாத ருசி" என்று சொல்லி மனைவிக்கும் ஊட்டினார். இதைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும் சொன்னார்.

இடாலினாவும் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் கோணியது.

"இந்த ஊர்ல யாரும் இப்படிச் சமைக்க மாட்டாங்களே. யாரு உனக்கு முதல்ல இதைக் கொண்டாந்து வெச்சது?"

அந்த நேரத்தில் பாதையில் தபால்காரி செலெஸ்டேயின் மொபெட் வந்து நின்றது. இப்போதெல்லாம் கேட்டிலுள்ள தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறவள், கூட்டத்தைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, இது இங்கதான் இருக்கா? கிழவர் போனதுல இருந்து அவரோட பூனைக்கு நான்தான் இதுல சாப்பாடு வெச்சுட்டிருந்தேன், உப்புப் போட்டா அதுக்கு ஆகாதுன்னு தனியா வேகவெச்சு."