இரண்டு கோடு வாங்கிய தலைமை எழுத்தர்

எந்தக் கருவியும் இயக்குநர் தம் பொற்கரங்களால் தொடங்கிவைத்த பிறகே வேலை செய்ய வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் விதி. ஆகவே ஆராய்ச்சிக்காரி தான் செய்த ரத்தப் பரிசோதனை அட்டைகளுடன் மாநாட்டு அறைக்கு வந்து சேர்ந்தாள்.

ஆப்டமர் என்பது மரபணுப் பொருளால் ஆன சின்ன இழை. தனக்குரிய புரதத்தைக் கண்டால் மடங்கிச் சுருண்டு கட்டிக்கொள்ளும்; மற்றதை ஏறெடுத்தும் பார்க்காது. அவள் அட்டையில் இரண்டு வகை இழைகள். ஒன்று, எல்லோருடைய ரத்த அணுவின் மேலுறையிலும் இருக்கும் புரதத்தைப் பிடிக்கும். அட்டை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பச்சைக் கோடு விழும். மற்றது, நோயுற்ற அணுவின் மேலுறையில் முளைக்கும் புரதத்தைப் பிடிக்கும். அப்போது இரண்டாவது கோடும் விழும். இதையெல்லாம் அவள் விளக்கியபோது இயக்குநர் புகைப்படக்காரருக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ஒரு சொட்டு ரத்தம் தந்தருளினார். ஒரு கோடு. கைதட்டலில் கூரை அதிர்ந்தது. விழா சிறக்கட்டுமே என்று தலைமை எழுத்தரும் விரலை நீட்டினார். அவர் அவளுடைய தாய்மாமா. இரண்டு கோடு.

கைதட்டல் நின்றது.

"எனக்கு ஒண்ணு, இவருக்கு ரெண்டா? பணிமூப்பு பார்த்து விழாதா இது?"

"நோய் பார்த்து விழுது சார்."

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல நோய், கீய்னு பேசாதீங்க."

மறுநாளே, இரண்டு கோட்டுக்காரர் என்ற மரியாதையில் மாமாவின் மேசைக்குத் தனி மின்விசிறி வந்தது. அட்டையைச் சட்டைப்பையில் கோடு தெரியச் செருகிக்கொண்டு அவர் நடந்தால் எழுத்தர்கள் எழுந்து நின்றார்கள். மற்றவர்களும் அட்டை செருகத் தொடங்கினார்கள். சிலர் பச்சை மையால் இரண்டாவது கோடு இழுத்துத் தாங்களே பதவி உயர்வு பெற்றுக்கொண்டார்கள்.

அவள் மாமாவைத் தனியே பிடித்தாள். "மாமா, ரத்தத்துல கோளாறு இருக்கு. விட்டா உயிருக்கே ஆபத்து. இப்ப ஆரம்பம்தான், மாத்திரையிலேயே சரியாயிடும்."

"மாத்திரை சாப்பிட்டா கோடு?"

"ஒண்ணு போயிடும்."

"போடி! ஆயுசு பூரா உழைச்சு இப்பத்தான் ஒரு மின்விசிறி வந்திருக்கு. உன் அத்தை ஊரெல்லாம் சொல்லியாச்சு. பொறாமையா உனக்கு?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, அவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், உங்களுக்கு ஒண்ணு கூட்ட முடியாது. ஆனா அவருக்கு ஒண்ணு குறைக்கலாம்."

சாய்ந்திருந்த இயக்குநர் நிமிர்ந்தார். "குறைக்கலாமா? இதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா!"

ஊழியர்களின் மருந்துக்கான கோப்பு இதுவரை எந்த நோயாளியையும் முந்திச் சென்றதில்லை. அன்று ஓடியது. சாயங்காலத்துக்குள் ஆணை வந்துவிட்டது: 'நிர்வாக ஒழுங்கினை முன்னிட்டு, இயக்குநரினும் மிகுதியான கோடு உடையோர் அரசுச் செலவில் மாத்திரை உட்கொண்டு, மிகைக் கோட்டினை ஒப்படைக்கக் கடவர்.' மாமா விழுங்குகிறாரா என்று நாக்கைத் தூக்கிப் பார்க்க ஒரு கண்காணிப்பாளரும் நியமிக்கப்பட்டார்.

மாதங்கள் போயின. கோடு போயிற்று. மின்விசிறியும் போயிற்று. மாமா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். அவளோடு மட்டும் பேசுவதில்லை.

புதிதாகச் செய்த அட்டைகளைச் சோதிக்க அவள் தன் விரலையே குத்திக்கொண்டாள். ஒரே கோடு. நிம்மதியாக மூச்சு விட்டாள். அட்டையைக் குப்பைக் கூடையில் போடப்போன கை நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, இன்னொரு கோடு மங்கலாகவாவது தெரிகிறதா என்று பார்த்தாள்.