நெட்டையனுக்கு மட்டும் முன்சீட்டு

"இன்னிக்கும் நெட்டையன்தான் கோர்ட்டுக்கா?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே வயிறு எரிந்தது.

"ஆமாம்மா," என்றார் குமாஸ்தா. "உங்களுக்குக் கட்சிக்காரர் வீடு. அவங்க சொல்றதைக் கேட்டு எழுதிட்டு வரணுமாம்."

சட்டக் கல்லூரியிலிருந்து இவளையும் நெட்டையனையும் இந்த வக்கீலிடம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். மாதக் கடைசியில் இருவரில் ஒருவரை ஜூனியராக வைத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நெட்டையன் அவர் காரில் முன்சீட்டில் போகிறான். இவள் பஸ்ஸில் தொங்குகிறாள். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு ஜட்ஜ் என்னையே பார்த்தார்" என்று வேறு சொல்வான். விளக்குக் கம்பம் மாதிரி நின்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

வேலையைச் சீக்கிரம் முடித்தால் தன்னையும் கூட்டிப்போவார் என்று நினைத்தாள். மறுநாள் ஏழு மணிக்கே கட்சிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒன்பதரைக்குக் குறிப்போடு ஆபீஸில் நின்றாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா? அப்போ இதையும் பார்த்துடு," என்று வக்கீல் இன்னொரு முகவரியைக் கொடுத்தார்.

அடுத்த நாள் ஒரு விஷயம் விடாமல், முத்து முத்தாக எழுதிக்கொடுத்தாள். மூன்று முகவரிகள் கிடைத்தன. நெட்டையன் காருக்குள்ளிருந்து கையசைத்தான். அந்தக் கையை ஒடித்தால் என்ன தண்டனை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஓடி ஓடி உழைக்கிறவளுக்கு வெயிலு, சும்மா நிக்கிறவனுக்குக் காரு," என்று அக்காவிடம் பொருமினாள்.

"அப்போ நீயும் சொதப்பிடு," என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு வாடகைத் தகராறு. வீட்டுக்காரரைக் குடியிருப்பவர் என்றும், குடியிருப்பவரை வீட்டுக்காரர் என்றும் மாற்றி எழுதினாள். வக்கீல் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"நீயா எழுதினே?"

"ஆமா சார். வீடு வீடா போற வேலை எனக்குச் சரிப்பட்டு வரல."

அவர் குறிப்பை மடித்து மேஜை ஓரமாக வைத்தார்.

"சரி. நாளையிலேருந்து நீயும் என்கூடவே கோர்ட்டுக்கு வா."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்புக் கோட்டை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். காலையில் நெட்டையனைத் தாண்டிக்கொண்டு போய்க் குமாஸ்தா முன்னால் நின்றாள்.

"பார்த்தீங்களா, என்னையும் கூப்பிட்டுட்டார்."

குமாஸ்தா கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "தனியா அனுப்பினா குளறுபடி பண்றவங்களைத்தாம்மா ஐயா கூடவே வச்சுக்குவார், முந்தாநேத்து வரைக்கும் ஜூனியர்னு உங்களைத்தான் முடிவு பண்ணியிருந்தார்."