கந்தோர் நேரத்துக் கோழிகள்

கோழி என்பது வீட்டில் வளர்க்கப்படும் ஒரு பறவை. இதில் எவருக்கும் ஐயம் இருக்க நியாயமில்லை. 1992ஆம் ஆண்டு ஆடி மாதம் வரை எனக்கும் இருந்ததில்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் எங்கள் ஒழுங்கையில் என்னை எல்லோரும் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்காது. ஊராருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். விண்ணப்பம் இல்லாத நாட்களில் யார்மேலாவது பெட்டிசம் எழுதுவேன். பெட்டிசத்தில் மட்டும் பெயர் போடுவதில்லை. கீழே 'உண்மை விளம்பி' என்றிருக்கும்.

பக்கத்து வளவுக் குணலட்சுமியிடம் பதினொரு பேடும் ஒரு சேவலும் இருந்தன. அவை தினமும் வேலிப் பொட்டால் புகுந்து, என் வெங்காயப் பாத்தியைக் கிளறிவிட்டுப் பின்பக்கம் போகும். அந்த ஓட்டையை அடைக்க ஒரு தென்னங்கிடுகு போதும். ஆனால் அது முறைப்படியான தீர்வாகாது. ஆகவே கோழி வளர்ப்பு மேற்பார்வைக் கந்தோருக்கு, 'மேற்படி கோழிகள் வீடு வாசலின்றித் திரிகின்றன' என்று ஒரு பெட்டிசம் போட்டேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. எனக்கல்ல, குணலட்சுமிக்கு. அந்த நாட்களில் யுத்தத் தடையால் எங்கள் குடாநாட்டுக்குள் பற்றரி வராது, சீமெந்து வராது, பெற்றோல் வராது. சுற்றறிக்கை மட்டும் தடைப் பட்டியலில் இல்லாதபடியால் தவறாமல் வந்துகொண்டிருந்தது. புதிய சுற்றறிக்கையின்படி, அங்கீகரிக்கப்பட்ட கூட்டில் இருக்கும் கோழிகளுக்கு மட்டுமே இனி நோய்த் தடுப்பூசி போடப்படும்.

அதை வாசித்ததும் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. காரணம் இருந்தது. அச்சுவேலிப் பக்கம் கோழிகள் வெள்ளையாகக் கழிந்து, கழுத்துத் திருகிச் செத்துக்கொண்டிருந்தன. நோய் எங்கள் பக்கம் வர அதிக நாள் எடுக்காது. அவளுடைய மகள் அருந்ததிக்கோ அடுத்த மாதம் பிள்ளைப்பேறு. கடலில் தொழில் செய்யத் தடை இருந்ததால் மீன் கண்ணில் காணக் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க அந்த வீட்டில் முட்டையை விட்டால் வேறொன்றும் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"கிளாக்கர் அண்ணை, ஆரோ ஒரு நாசமறுவான் பெட்டிசம் போட்டிருக்கிறான். கூட்டுக்கு அங்கீகாரம் கேட்டு நீங்கள்தான் ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேணும்."

"உப்பிடியும் சனம் இருக்குது பிள்ளை," என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். மனம் குத்தியது. குத்தினாலும் எழுத்து அழகாகவே விழுந்தது.

சுற்றறிக்கை கேட்ட கூடு லேசுப்பட்டதல்ல. நிலத்திலிருந்து ஓரடி உயரம், ஒழுகாத கூரை, காற்றோட்டம், பூட்டக்கூடிய கதவு, சீமெந்துத் தரை. ஏழெட்டு மைல் தள்ளிக் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை மூடிக் கிடக்க, இவள் சீமெந்துக்கு எங்கே போவாள்? கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லைப் பெயர்த்து வந்து தரையாகப் போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டு உடுப்பெல்லாம் எங்கள் கிணற்றடியில்தான் தோய்ந்தது. அதற்கு நான் பெட்டிசம் போடவில்லை.

கூடு எழும்பியதும் மேற்பார்வை உத்தியோகத்தர் செபநாயகம் சைக்கிளில் வந்தார். கைபிடியில் ஐஸ் போட்ட தேர்மோஸ் போத்தல் தொங்கியது. மருந்து அதற்குள். மின்சாரமில்லாத ஊரில் ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு படிவம் தருவார் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. மணி பதினொன்று. அவர் கூட்டை நாடாவால் அளந்து, குனிந்து உள்ளே பார்த்தார்.

"கூடு திருப்தி. கோழியள் எங்கை?"

"உங்கினைதான் மேயுதுகள் ஐயா," என்றாள் குணலட்சுமி.

"அப்ப கூட்டிலை உள்ள கோழி பூச்சியம்." எழுதியும்விட்டார்.

"பகலிலை கோழி மேயும்தானே ஐயா. பொழுதுபட வந்து அடையும். ஆறரைக்கு வந்து பாருங்கோவன்."

"நாலேகாலோடை கந்தோர் நேரம் முடிஞ்சிடும் அம்மா. ஆறரைக்குப் பார்த்தால் அது செபநாயகம் பார்த்தது. உத்தியோகத்தர் பார்த்ததாகாது."

"பிடிச்சுத் தந்தால்?"

"பிடிச்ச கோழி வேறை, கூட்டிலை இருக்கிற கோழி வேறை. பிடிச்ச கோழிக்குப் படிவம் இல்லை."

உண்மையில் பொழுதுபட்டாலும் அவை கூட்டில் அடைவதில்லை. எலுமிச்சை முள்ளையும் பாராமல் அவள் வளவுத் தேசிமரத்தில்தான் ஏறும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால், மரத்தில் உறங்குவது காட்டுப் பறவை என்று வேறொரு கந்தோருக்குப் பாரப்படுத்திவிடுவார்.

"வாற வியாழக்கிழமை ஒருக்கா வருவன். அதுக்குப் பிறகு ஐஸ் இல்லை," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

கோழிக்காகக் கந்தோர் நேரம் மாறாது. ஆகவே கோழியின் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். இந்த யோசனை என்னுடையது, அதற்காக அன்று பெருமையும் பட்டேன். வியாழன் விடியுமுன் கோழிகளை மரத்திலிருந்து இறக்கிக் கூட்டில் விட்டு, மேலே ஆறு சாக்குப் போட்டு மூடினோம். உலகத்துக்கு விடிந்தது. கோழிகளுக்கு விடியவில்லை. பதினொரு மணிக்கும் உள்ளே சத்தமே இல்லை.

"இதென்ன சாக்கு?" என்று கேட்டார் செபநாயகம்.

"மெல்லக் கதையுங்கோ ஐயா. கோழியள் நித்திரை," என்றாள் குணலட்சுமி.

"போன கிழமை இருந்த காற்றோட்டம் எங்கை?"

"சாக்கை எடுத்தால் விடிஞ்சிடும் ஐயா."

"காற்றோட்டம் இல்லாத கூட்டிலை கோழி எண்ண எனக்கு அதிகாரம் இல்லை. எடுங்கோ."

எடுத்தாள். பதினொன்று பத்துக்கு விடிந்தது. சேவல் கூவியது. கதவு முறைப்படி பூட்டுப்படுகிறதா என்று உத்தியோகத்தர் திறந்து பார்த்தார். பன்னிரண்டும் அவருடைய காலுக்குள்ளால் பாய்ந்து, வேலிப் பொட்டால் புகுந்து, என் வெங்காயத்தை உழக்கிக்கொண்டு மறைந்தன.

"பூச்சியம்," என்று அவர் பேனையைத் திறந்தார்.

குணலட்சுமி அழுதேவிட்டாள். "என்ரை பிள்ளைக்குக் குடுக்க வேறை ஒண்டுமில்லை ஐயா."

"உங்காலை வந்து கோழியளைக் கண்ணாலையாவது பாருங்கோ," என்று அவரை என் வளவுக்குக் கூட்டிப்போனேன். குணலட்சுமியும் பின்னால் வந்தாள். அங்கேதான் பிழை விட்டேன்.

பின்பக்கக் கொட்டிலில் என்னுடைய ஒஸ்ரின் கார் நிற்கிறது. பெற்றோல் நின்ற நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதில்லை. பார்த்தால் வயிறு எரியும். அன்று பார்த்தேன். சாரதி ஆசனத்தில் சேவல். பின்னால் வரிசையாகப் பேடுகள். குஷனுக்கு மேல் முட்டைகள். அவை ஏன் தினமும் என் பாத்தியால் போய் வந்தன என்பது அப்போதுதான் விளங்கியது.

செபநாயகம் நாடாவை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

"நிலத்திலையிருந்து ஓரடி, திருப்தி. கூரை ஒழுகாது, திருப்தி. கண்ணாடி இல்லை, ஆகவே காற்றோட்டம் மிகத் திருப்தி. பூட்டக்கூடிய கதவு நாலு."

"தரை சீமெந்து இல்லையே," என்றேன் நான், தப்பிக்கும் எண்ணத்தில்.

"சீமெந்து அல்லது அதிலும் உறுதியான பொருள் எண்டிருக்குது. இரும்பு உறுதிதானே."

"ஐயா, இது கார்."

"கார் கூடாகாது எண்டு சுற்றறிக்கையிலை எங்கையும் இல்லை."

பன்னிரண்டு ஊசியும் அந்தக் காருக்குள்ளேயே போடப்பட்டன. பிறகு படிவத்தை என்னிடம் நீட்டினார். "கூடு ஆற்றையோ கோழியும் அவரின்ரைதான். பேரை எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன். அவர் என் எழுத்தைப் பார்த்தார். கையிலிருந்த காகிதக் கோவையிலிருந்து பழைய தாளொன்றை எடுத்து, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் குணலட்சுமியிடம் கொடுத்தார். அவள் 'உண்மை விளம்பி'யின் பெட்டிசத்தை முழுவதும் வாசித்தாள், என்னைப் பார்த்தாள், முட்டைகளை மடியில் பொறுக்கிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நோய் எங்கள் ஒழுங்கைக்கும் வந்து போனது. அந்தப் பன்னிரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அருந்ததிக்குப் பெண் குழந்தை. இதற்கிடையில் செய்தி பரவி, ஓடாமல் நின்ற கார்களையெல்லாம் ஊரார் கூடாகப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் கார் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கோழி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் எனக்கொரு கடிதம் வந்தது. பெட்டிசம் ஒன்றின் பிரதியும் கூடவே இருந்தது. 'கிளாக்கரின் கோழிகள் வீடு வாசல் இருந்தும் அதில் தங்காது, அயல் வளவுத் தேசிமரத்தில் ஏறி அட்டகாசம் புரிகின்றன.' எழுத்து அருந்ததியுடையது. கீழே 'உண்மை விளம்பி' என்றிருந்தது. ஆகவே கந்தோர் நேரம் முழுவதும் கோழிகளைக் கூட்டில் வைத்து, உரிமையாளர் நேரில் மேற்பார்வை செய்யும்படி எனக்குக் கட்டளை.

இப்போது நான் காலை எட்டரைக்குக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்துகிறேன். நாலேகாலுக்கு இறங்குகிறேன். குணலட்சுமி வந்து முட்டைகளை எடுத்துப் போகிறாள், கோழிகள் அவளுக்குப் பின்னாலேயே போகின்றன. முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் நான் பார்த்த வேலையும் இதுதான். அங்கே மட்டும், நான் உட்பட ஒருவரும் முட்டை இட்டதில்லை.