கேரவனில் பெரியம்மா ஊருக்கு

அன்பு மகள் பவதாரிணிக்குக் கோச்சடையிலிருந்து அப்பா காசிமாயன் எழுதுவது. என் இடுப்பு நீங்கலாக நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சென்னையில் சுகமாக இருக்க மீனாட்சி துணை. போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்திலிருந்து திருத்திக்கொண்டே இருப்பாள் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு விண்ணப்பம். இனிமேல் எங்களுக்குக் கேரவன் எல்லாம் பதிவு செய்யாதே. கட்டிலும் அடுப்பும் கக்கூசும் உள்ள வீடு ஒன்று நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது நகராமல் நிற்கிறது. நீ அனுப்பிய வண்டி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே நம் தெருமுனைக்கு வந்து கேபிள் வயரில் மாட்டிக்கொண்டது. டிரைவர் தங்கப்பாண்டி என்னைவிட நாலு வயதுதான் இளையவர், பொறுமைசாலி. அவர் அங்குலம் அங்குலமாக வண்டியை எடுக்க, நான் ஒட்டடைக் கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தேன். இடுப்பு போனது அங்கேதான். அதற்குள் பாதித் தெரு உள்ளே ஏறி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கியது.

நாகமலை தாண்டியதும், ஓடுகிற வண்டியில் காபி போட்டே தீருவேன் என்றாள் உன் அம்மா. அடுத்த வேகத்தடையில் பால் அத்தனையும் என் வேட்டியில். அலசலாமென்று கக்கூசுக்குள் போனால் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே நான் தட்ட, வெளியே அவள் தட்ட, தங்கப்பாண்டி செக்கானூரணியில் ஓரங்கட்டினார். கேரவனைப் பார்த்ததும் உள்ளே யாரோ நடிகர் இருப்பதாக நினைத்துச் சனம் கூடிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் திருப்புளியோடு ஏறித் தாழ்ப்பாளையே கழற்றி எடுத்தார். பால் வழிகிற வேட்டியோடு நான் வாசலில் வந்து நின்றேன். இருபது செல்போன்கள் மெதுவாகக் கீழே இறங்கின. "யாரோ பெரியவருப்பா, வாங்க போவோம்" என்று கலைந்தார்கள். ஒரு அம்மா மட்டும், வந்ததற்கு இருக்கட்டும் என்று என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு உன் அம்மா உள்ளே போகும்போதெல்லாம் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலையாயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் அரைமணிக்கு மேல் அடக்க முடியாது என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும். மூன்று வருஷமாக அவள் பஸ் ஏறவில்லை. சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து உன் சோணையம்மாள் பெரியம்மா இவள் போனை எடுப்பதில்லை.

உசிலம்பட்டிக்கு அப்பால் பெரியம்மா ஊர்த் தெருவில் வண்டி நுழையாது, கண்மாய்க் கரையில் நிறுத்தினோம். முகம் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று உன் அம்மா இறங்க மறுத்துவிட்டாள். நான்தான் போய் அழைத்து வந்தேன். பெரியம்மா படியில் ஏறாமல் கீழேயே நின்று, "கல்யாணத்துக்கு வராதவ இப்பப் பங்களாவோட வாராளாக்கும்" என்றார். உன் அம்மா இறங்கி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அந்தக் கதவைத் திறந்து காட்டினாள்.

"இது இல்லாம என்னால எங்கயும் போக முடியலக்கா."

பெரியம்மா அந்தச் சின்ன அறைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். "கூறுகெட்டவளே, இதத்தான் மூணு வருசமா முழங்காலுன்னு சொன்னியா? சின்னதுல ஒனக்குக் குண்டி கழுவி விட்டதே நாந்தானடி. எங்கிட்ட என்ன வெக்கம்?"

இரண்டு பேரும் அழுதார்களா சிரித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தங்கப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு கண்மாயைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரே கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு மணி வரைக்கும் பேச்சு ஓயவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரியம்மா வீட்டுக் கோழிக்குழம்பு வண்டிக்கே வந்தது. வரும் வழியில் உன் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, கடைப் பலகைகளை எல்லாம் ஒன்று விடாமல் சத்தமாக வாசித்தாள்.

ஆனாலும் மகளே, எங்களுக்கு இந்த ஒரு நாள் போதும். உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எங்கள் ஆசி என்றும் உங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பவா, அம்மா எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லிவிட்டு அப்பா டீக்கடைக்குப் போயிருக்கிறார். இவர் வேண்டாம் என்று எழுதியதை நம்பாதே. வீடு வந்த பிறகும் இறங்காமல் முக்கால் மணி நேரம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது இவர்தான். வருகிற மாசம் அஞ்சாம் தேதி ராமேஸ்வரம் போக வண்டி சொல்லியாகிவிட்டது. சொன்னதும் இவர்தான். அக்காவும் வாரா.