அசல் பெட்டிக்காரர்

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. போட மனமில்லாதவர்கள் உண்டு. அசல் பெட்டிக்காரர் மூன்றாவது இனம். அடுத்தவர் எப்போது போடுவார் என்று காத்திருப்பவர். எங்கள் கரமனைக்கு வாய்த்தவர் வெங்கடகிருஷ்ணன் மாமா.

எப்படி அடையாளம் காண்பது? துக்க வீட்டில் எல்லோரும் இறந்தவர் படத்தைப் பார்க்கும்போது இவர் பரணைப் பார்ப்பார். அப்பாவின் பதிமூன்றாம் நாளன்று, இலையில் பாயசம் விழும்வரை பொறுத்திருந்து கேட்டார்: "பிரியா, ஒங்கப்பா வெச்சிருந்தானே, ரப்பர் கீ கம்ப்யூட்டர், அது இனி நோக்கு எதுக்காக்கும்?"

கொடுத்துவிட்டேன். இடம் மிச்சம்.

அதில் ஒரு புரோகிராம் ஓடவேண்டுமானால் சடங்கு உண்டு. பெட்டியைத் துடைத்து, சூடாகும் அடாப்டர் பக்கம் மேஜை விசிறியைத் திருப்பி, டேப் ரிக்கார்டரில் காசெட்டைப் போட்டு, அது கீச்சிட்டுக்கொண்டே உள்ளே ஏறும் ஐந்து நிமிடமும் கண்மூடி உட்கார்ந்து, நாலே முக்கால் நிமிடத்தில் நின்றுபோனால் ஸ்க்ரூ டிரைவரால் ஹெட்டை ஒரு நூல் திருப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதற்குள் லோட்ஷெட்டிங் வந்துவிடும். அப்புறம் அரைமணி நேரம் இருட்டில் அசலின் பெருமையைப் பேசுவார்.

எமுலேட்டர் என்றீர்களோ, போச்சு. புதிய கம்ப்யூட்டரைப் பழையதுபோல் நடிக்கவைக்கும் புரோகிராம் அது. இன்டர்நெட்டில் இலவசம்.

"நடிப்புதானேடீ? ஒங்கப்பா மாதிரி வேஷம் போட்டுண்டு ஒருத்தன் வந்தா காப்பி குடுப்பியோ?"

மாமாவுக்கு வாய் அப்படி.

நான் இன்ஜினியர். நடிப்பே போதும் என்ற கட்சி. அப்பாவின் காசெட் ஒன்று மட்டும் என்னிடம் தங்கியிருந்தது. என் பென்டியம் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு அதை ஏற்றினேன். எனக்கு எட்டு வயதில் அவர் எழுதிய வாய்ப்பாடு புரோகிராம். "ஏழெட்டு?" என்று ஆங்கில எழுத்தில் கேட்கும். நான் மந்தம் என்பதால் நிதானமாகக் காத்திருக்கும். பிறகுதான் "பரவாயில்லை, 56" என்று காட்டும்.

எமுலேட்டரில் கேள்வி வந்த அதே நொடியில் "பரவாயில்லை" வந்துவிட்டது.

புரோகிராமின் வரிகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்யாமல் ஐயாயிரம் வரை எண்ணச் சொல்லி அப்பா எழுதியிருந்தார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த நேரம். பழைய பெட்டி மெதுவாக எண்ணும். பென்டியம் ஒரே மூச்சில் முடித்துவிட்டது. வேகத்தைக் குறைக்கலாம். குறைத்தேன். இருபத்தொரு நொடி என்றது கணக்கு. சரிதானா என்று கேட்க ஆள் இல்லை.

காசெட்டோடு மாமா வீட்டுக்குப் போனேன். துணி, விசிறி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் நடந்தது. மூன்றாம் முறை ஏறியது.

"ஏழெட்டு?"

பெட்டி காத்திருந்தது.

"அம்பத்தாறுன்னு அடியேன்டீ. இன்ஜினியரல்லே நீ?"

"பேசாம இருங்கோ மாமா," என்றேன்.

மாமாவுக்குப் பைத்தியம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நீங்கள் அந்த இனமில்லை, சந்தோஷம். உங்கள் அலமாரியில் யாரோ விட்டுப்போன, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று இருக்குமே, அதைத் தூக்கிப் போடட்டுமா என்று வீட்டில் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.